உருளைக்கிழங்கை எடைபோட்டு சவ்வூடு பரவலை அளப்பது எப்படி?

செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குச் சவ்வு வழியாகத் தண்ணீர் நகர்வதுதான் சவ்வூடு பரவல். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாடப்புத்தகத்து ஆஸ்மாஸ்கோப்தான். கிழங்கில் குழி தோண்டி, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசி செருகி, மட்டம் ஏறுகிறதா என்று பார்ப்போம். தண்ணீர் நகர்வதை அது காட்டும். எந்தச் செறிவில் கிழங்கின் எடை கூடவும் குறையவும் செய்யாது என்பதைக் காட்டாது. அந்த எண் வேண்டுமென்றால் எடைபோட்டே ஆகவேண்டும்.

தராசு 0.01 கிராம் வரை காட்டவேண்டும். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நகை எடைபோடும் சின்ன தராசு போதும். சர்க்கரைக்கு ஆய்வகம் தேடவேண்டாம், கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ்தான்.

படி 1: தாய்க் கரைசல்

மோலார் என்பது செறிவின் அலகு: 1 மோலார் சர்க்கரைக் கரைசல் என்றால் லிட்டருக்கு 342 கிராம். அதில் 100 மி.லி. தயாரிக்க 34.2 கிராம் சர்க்கரை வேண்டும். முடிவுகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். 100 மி.லி. தண்ணீரை அளந்து அதில் சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள். கரைந்த சர்க்கரைக்கும் இடம் வேண்டுமே! மொத்தம் 121 மி.லி. அளவுக்குப் போய்விடும், செறிவு 0.8 மோலார் பக்கம் இறங்கிவிடும். அதை நீர்த்துச் செய்யும் எல்லாக் கரைசலும் அதே விகிதத்தில் தவறும். கிராஃப் அழகாகவே வரும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அதனால் சர்க்கரையை முதலில் 60 மி.லி. தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பிறகு அளவு உருளையில் ஊற்றி, 100 மி.லி. கோடு வரை தண்ணீர் சேருங்கள்.

படி 2: நீர்த்தல்

20 மி.லி. தாய்க் கரைசலோடு தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் 0.2 மோலார். இதே கணக்கில் 0.4, 0.6, 0.8 செய்யுங்கள். மொத்தம் ஆறு டம்ளர்: வெறும் தண்ணீர் ஒன்று, 1 மோலார் ஒன்று, நடுவில் இந்த நான்கு. தாய்க் கரைசலை 300 மி.லி. செய்துகொண்டால் தட்டுப்பாடு வராது.

படி 3: வெட்டி ஊறவைத்தல்

தோலைக் கட்டாயம் சீவுங்கள், அது தண்ணீரை எளிதில் விடாது. ஒரே கிழங்கிலிருந்து ஒரே அளவுத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் எடைபோட்டுக் குறித்த பிறகே டம்ளரில் போடுங்கள். சில மணி நேரம் ஊறட்டும்.

படி 4: ஒற்றி எடைபோடுதல்

டிஷ்யூ பேப்பரில் மெதுவாக ஒற்றி எடுங்கள். பிழிந்தால் செல்லுக்குள் இருக்கும் நீரும் வந்துவிடும். எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி ஒற்றவேண்டும்.

எடை வித்தியாசத்தை அப்படியே ஒப்பிடாமல், பழைய எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 5.20 கிராம் துண்டு 5.72 ஆனால், 10 சதவீத ஏற்றம். இந்தச் சதவீதங்களைச் செறிவுக்கு எதிராக வரைந்தால், கோடு பூஜ்யத்தை வெட்டும் புள்ளிதான் விடை. உருளைக்கிழங்குக்கு பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் விழும்.

அந்தப் புள்ளியில் தண்ணீர் நின்றுவிடவில்லை. உள்ளே போகும் அளவே வெளியேயும் வருகிறது, அவ்வளவுதான். தராசு காட்டுவது எப்போதும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. இதற்காகச் செல் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) எதையும் செலவழிப்பதில்லை. தண்ணீரில் ஒரு பகுதி சவ்வின் கொழுப்பு அடுக்கு வழியாகவே நழுவுகிறது, பெரும்பகுதி அக்வாபோரின் என்னும் புரதத் துளைகள் வழியாகப் போகிறது. ஒரு துளையில் நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள்! இதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுக்ரோஸ் மூலக்கூறு அந்தத் துளையில் நுழையாது. அதனால்தான் தண்ணீர் மட்டும் இடம் மாறி, எடையும் மாறுகிறது.

பின்சேர்க்கை 1: 0.8, 1 மோலார் டம்ளர்களில் துண்டு மிதக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கரைசல்கள் கிழங்கைவிட அடர்த்தியானவை, மிதக்கத்தான் செய்யும். மேல்பக்கம் வெளியே நின்றால் எடையிழப்பு குறைவாகத் தெரியும். ஒரு ஸ்பூனை மேலே வைத்து அமுக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: உப்பில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், 1 மோலாருக்கு லிட்டருக்கு 58.5 கிராம். ஆனால் உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிவதால், கோடு பூஜ்யத்தை வெட்டும் இடம் சர்க்கரைக்கு வந்ததில் ஏறக்குறைய பாதிச் செறிவில் இருக்கும். 0.2 இடைவெளி அதற்குப் பெரிது, 0.05 இடைவெளியில் கரைசல்களைத் தயாரியுங்கள்.