லேசர் வெல்டிங் கன்: பழைய கருப்புக் கண்ணாடி போதாது

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கேட், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி செய்யும் பட்டறைக்காரர்களுக்கு ஆர்க் வெல்டிங் வெளிச்சம் பழகிய சங்கதி. பகலில் கண்ணில் அடித்தால் ராத்திரி மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். லேசர் கன் அப்படியில்லை. அதன் 1080 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது; விழித்திரையில் போய்க் குவியும், வலிக்கவும் வலிக்காது. பார்வையில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான் தெரியும். பெரும்பாலும் அது திரும்பாது. 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே 4ஆம் வகுப்பு, அதாவது உச்ச ஆபத்து. இந்த மெஷினோ 1500 வாட்.

கண்ணாடி வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள், லென்ஸில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அதில் அலைநீள எல்லை போட்டிருக்கும்; 1080 அதற்குள் வர வேண்டும். ஓ.டி., அதாவது கதிரைத் தடுக்கும் அளவு, 6க்குக் குறையக் கூடாது. மெஷின் கையேடு 7 கேட்டால் 7தான். (ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும்.) அக்ரிலிக் வெட்டும் சிஓ2 மெஷினின் கண்ணாடி 10,600 நானோமீட்டருக்கானது, இங்கே உதவாது. லேசர் கண்ணாடிக்கு மேல் வெல்டிங் ஹெல்மெட்டும் வேண்டும். உருகும் இரும்பின் வெளிச்சம் தனி.

பெரிய தப்பு, வெல்டு போடும் இரும்பில் மாட்டும் எர்த் கிளிப்பில்தான் நடக்கிறது. கன்னின் முனையான நாசில் அந்த இரும்பைத் தொட்டால்தான் பீம் (லேசர் கதிர்) வரும். பெயின்ட், துரு இருந்தால் தொடர்பு விட்டுவிட்டு பீம் நிற்கும். எரிச்சலில் கிளிப்பை நாசிலிலேயே மாட்டிவிடுகிறார்கள். அதோடு கன்னுக்கு இருந்த காவல் போச்சு. கிளிப் மாட்டும் இடத்தையும் வெல்டு போடும் இடத்தையும் கிரைண்டரால் பளிச்சென்று தேய்த்தால் வேலை முடிந்தது. தினமும் காலையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, கிளிப்பைக் கழற்றி, கன்னைக் கழிவுத் தகட்டை நோக்கித் தொடாமல் பிடித்து ட்ரிக்கரை அழுத்துங்கள். சிவப்புப் புள்ளி தெரியலாம், அது குறி காட்டும் வெளிச்சம்தான். பொறி பறந்தால் அன்று மெஷினைத் தொடாதீர்கள்.

கன்னைச் சாய்த்துப் பிடிக்கும்போது கதிர் எதிர்ப்பக்கம் தெறிக்கும். அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, டீ கொண்டுவரும் பையன் உட்பட. கண்ணாடிபோல் மின்னும் எஸ்.எஸ். ஷீட்டைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். ஷட்டர் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தால் 7 அடி உயர இரும்புத் தகட்டில் மங்கலான கருப்பு அடித்து மறைப்பு போடுங்கள், இடுக்கு விடாமல். தார்ப்பாய் எரிந்துபோகும்.

கண்ணில் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ போங்கள். அலைநீளத்தையும் வாட்டையும் சீட்டில் எழுதிக் கொண்டுபோனால் டாக்டருக்கு உதவும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு வைத்தியம் வேண்டாம். ஆர்க் அடித்த கண்ணுக்கு மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி நீங்களே விட்டுக்கொள்ளவும் கூடாது; வலி தெரியாது, புண் ஆறுவது தள்ளிப்போகும்.