கோச் ஏன் அவனை வெளியே எடுத்தார்? கத்துவதற்கு முன் ஒரு நோட்டு போடுங்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் கல்லூரி கூடைப்பந்து மேட்ச் என்றால் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விடுவேன். படித்து முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த சிமென்ட் கோர்ட்டைச் சுற்றி உட்காரும் பழைய மாணவர்களில் நானும் ஒருவன். எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆதங்கம்தான். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவனை எதற்கு உட்கார வைத்தார், ரீபவுண்டே (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுக்காதவனை எதற்குக் கடைசி வரை விட்டுவைத்தார், பெஞ்சில் இருக்கும் அந்த உயரமான பையன் எதற்காகத்தான் ஜெர்சி போட்டுக்கொண்டு வருகிறான். இந்தக் கேள்விகளில் பாதி நியாயமானவை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் உட்காரும் இடம். பெரும்பாலானவர்கள் நம்ம டீம் பெஞ்சுக்குப் பின்னால்தான் உட்காருவார்கள், கோச் பேசுவது காதில் விழும் என்று. அங்கே உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது, பையன்களின் முதுகுதான் தெரியும். ஸ்கோர் எழுதுபவர்கள் உட்காரும் டேபிளும் இரண்டு பெஞ்சுகளும் ஒரே பக்கத்தில் இருக்கும், நீங்கள் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள். யார் டேபிளுக்கு எழுந்து போகிறான், யார் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், யாருக்கு மூச்சு வாங்குகிறது, எல்லாம் அங்கிருந்து தெரியும்.

ஒரு சாதாரண 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த குவார்ட்டர் (மேட்சின் நான்கு 10 நிமிடப் பகுதிகளில் எது), யார் வெளியே, யார் உள்ளே, அந்த நேரத்து ஸ்கோர். பெயர் வேண்டாம், ஜெர்சி நம்பர் போதும். கடிகாரம் கண்ணுக்குத் தெரிகிற இடம் என்றால் நேரத்தையும் எழுதிக்கொள்ளலாம். நம்ம ஊர் கோர்ட்டுகளில் பாதி இடங்களில் அது தெரியாது, கவலை இல்லை, ஸ்கோர்தான் முக்கியம். தொடங்கிய ஐந்து பேரை மேட்ச் ஆரம்பிக்கும்போதே எழுதிவிடுங்கள். மேட்சுக்கு 10 நிமிடம் முன்பே கோச் அந்த ஐந்து பேரை ஸ்கோர் ஷீட்டில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதனால் அந்த ஐந்து பேர் பட்டியல் அவர் யோசித்துப் போட்டதுதான். ஆனால் மேட்சின் கடைசி நான்கு நிமிடத்தில் யார் கோர்ட்டில் நிற்கிறார்கள் என்பதுதான் அவர் யாரை உண்மையில் நம்புகிறார் என்று சொல்லும். ஸ்டார்ட்டிங் ஃபைவில் பெயர் இல்லை என்று ஒரு பையனுக்காக வருத்தப்படுவதற்கு முன்னால் அந்தக் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு உதாரணம் சொல்கிறேன். 7-ஆம் நம்பர் உள்ளே வரும்போது நாம் 12, அவர்கள் 10. அவன் வெளியே போகும்போது நாம் 18, அவர்கள் 22. அந்தப் பொழுதில் நாம் 6 போட்டோம், அவர்கள் 12 போட்டார்கள், அப்படியென்றால் 7-க்கு மைனஸ் 6. இப்படி ஒவ்வொருவருக்கும் மேட்ச் முழுக்கக் கூட்டிப் பாருங்கள். முதல் தடவை பார்க்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். 15 பாயிண்ட் போட்டவனுக்கு மைனஸ் வரும், ஒரு கூடைகூடப் போடாதவனுக்கு ப்ளஸ் வரும், ஏனென்றால் இவன் எதிராளியைக் கூடைப் பக்கமே விடாமல் நின்றிருப்பான், கைதட்டல் வாங்காத வேலை அது. ஆனால் ஒரே மேட்சை வைத்து இந்த எண்ணை நம்பவே நம்பாதீர்கள். நல்ல நான்கு பேரோடு நின்றவனுக்கு ப்ளஸ் தானாக வரும், எதிர் டீமின் பெஞ்ச் ஆட்களோடு மோதியவனுக்கும் வரும். ஐந்தாறு மேட்ச் எழுதிய பிறகும் ஒரே ஆள் உள்ளே வரும்போதெல்லாம் ஸ்கோர் சரிகிறது என்றால்தான் அதில் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று, மாற்றுவதற்கு நேரம் கிடைத்ததா என்று பாருங்கள். நாம் செய்யும் பெரிய அநியாயம் இதுதான். பையன் தள்ளாடுகிறான், கோச் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார் என்று கத்துவோம். ஆனால் இங்கே ஆடப்படும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஆளை மாற்ற முடியாது. விசில் ஊதி, கடிகாரம் நிற்க வேண்டும். கூடை விழுந்தால்கூட கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான்காம் குவார்ட்டரிலும் ஓவர்டைமிலும் கடைசி 2 நிமிடத்தில் மட்டும்தான் கூடை விழுந்ததும் நிற்கும், அப்போதும் ஆளை மாற்றும் வாய்ப்பு முதலில் கூடை போடாத டீமுக்குத்தான். கேட்கும் உரிமையும் கோச்சுக்குக் கிடையாது, உள்ளே வரப்போகிறவன்தான் தானே டேபிளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அதனால் டேபிள் பக்கம் ஒருவன் டீ-ஷர்ட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து காத்திருக்கிறான் என்றால், கோச் முடிவு எடுத்துவிட்டார், விசில்தான் வரவில்லை. அதை நோட்டில் ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள்.

டைம்-அவுட்டுக்கு, அதாவது கோச் கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் சின்ன இடைவேளைக்கு, தனிப் பக்கம் விடுங்கள். முதல் பாதிக்கு 2, இரண்டாம் பாதிக்கு 3, அதிலும் கடைசி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. முதல் பாதியில் எடுக்காதது பிற்பாதிக்குச் சேராது, வீண்தான். எதிர் டீம் வரிசையாக 8, 10 பாயிண்ட் போட்டுக்கொண்டே போகும்போது, கையில் இரண்டு டைம்-அவுட்டையும் வைத்துக்கொண்டு அரைநேரத்துக்குப் போகும் கோச்சின் மேல் எனக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன். கடிகாரத்தையும் நிறுத்தும், ஆளையும் மாற்றலாம், பையன்களுக்குத் தண்ணீரும் கிடைக்கும்.

ஃபவுல் விஷயம்தான் எனக்கு மிகவும் மனத்தாங்கல் உள்ள இடம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒருவனுக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும், திரும்பி வர முடியாது. அதனால் முதல் குவார்ட்டரிலேயே இரண்டு ஃபவுல் வாங்கியவனை நம் கோச்கள் உடனே உட்கார வைத்துவிடுவார்கள், பல நேரம் அரைநேரம் வரை. நோக்கம் புரிகிறது, கடைசியில் அவன் வேண்டும். ஆனால் நோட்டில் எழுதிப் பாருங்கள்: அப்படி உட்கார வைக்கப்பட்டவன் மேட்ச் முடியும்போது எத்தனை ஃபவுலில் நிற்கிறான்? மூன்று என்றால், வெளியே போய்விடுவானோ என்ற பயத்தில் 12 நிமிடத்தை நாமே அவனிடமிருந்து பிடுங்கியிருக்கிறோம். அந்த 12 நிமிடத்தில் ஸ்கோர் எவ்வளவு சரிந்தது என்றும் எழுதியிருப்பீர்களே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் குவார்ட்டரில் போடும் கூடைக்கும் இரண்டு பாயிண்ட்தான், கடைசியில் போடுவதற்கும் இரண்டு பாயிண்ட்தான். மறுபக்கமும் உண்டு. சில பையன்கள் இரண்டு ஃபவுலோடு ஆடும்போது பயந்து கையையே தூக்க மாட்டார்கள், அப்படிப்பட்டவனை உள்ளே வைத்திருந்தாலும் பயனில்லை. டீம் ஃபவுலையும் பாருங்கள், ஒரு குவார்ட்டரில் நான்கு ஆகிவிட்டால் அதற்குப் பிறகு வரும் டிஃபென்ஸ் ஃபவுலுக்கெல்லாம் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்குப் போடும் வாய்ப்பு). அந்த நேரத்தில் அடிக்கடி ஃபவுல் செய்யும் ஆளை கோச் வெளியே எடுத்தால் அது சரியான முடிவு.

போனில் அமெரிக்கக் கல்லூரி மேட்ச் பார்த்துவிட்டு வந்து "அங்கே எப்படி மாத்தறாங்க பாரு" என்று சொல்லும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, குவார்ட்டர் கிடையாது. டிவி விளம்பரத்துக்காக 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே போனதும் வரும் முதல் விசிலில் ஆட்டம் நிற்கும், அதனால் கோச்கள் அந்த இடைவெளியை வைத்தே ஓய்வைத் திட்டமிடுவார்கள். நம்ம 10 நிமிட குவார்ட்டரில் அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கேயும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றும் வசதி 1944-45 சீசனில்தான் வந்தது. டைம்-அவுட்டில் கோச் தன் பையன்களோடு பேசுவதற்கே 1948-49 வரை அனுமதி இல்லை. இன்று நாம் திட்டும் இந்த வேலை முழுவதும் அதற்குப் பிறகு கோச் தலையில் ஏறியது.

நோட்டில் வராத விஷயங்களும் உண்டு. பெரியார் பல்கலைக்கழக ஆட்டங்களுக்கு சேலம் போக வேண்டும், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், விடியற்காலை பஸ் பிடித்து தொப்பூர் கணவாய் தாண்டி, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு மதிய வெயிலில் சிமென்ட் தரையில் இறங்கும் பையனுக்கு நான்காம் குவார்ட்டரில் கால் பிடித்துக்கொள்வது சாதாரணம். யாருக்கு இன்டர்னல் பரீட்சை, யார் ஒரு வாரமாக பிராக்டீஸுக்கு வரவில்லை, யாருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, இது பி.டி. சாருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதனால் ஒரு மேட்சில் ஒருவன் ஆடவில்லை என்றால் முதலில் பையன்களிடம் மெதுவாகக் கேளுங்கள், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று.

கத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மேட்சில் 11-ஐ எடுத்துவிட்டு 4-ஐ இறக்கச் சொல்லி நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விடாமல் கத்தினோம். கோச் கடைசியில் 4-ஐ இறக்கினார். அந்தப் பையன் கையில் பந்து வந்த முதல் மூன்று தடவையும் பாஸே பண்ணாமல் ஷாட் எடுத்தான், மூன்றும் வெளியே. நாங்கள் அவன் மேல் வைத்த சுமை அது, அவன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. 11 அந்தப் பக்கம் பெஞ்சில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து எந்தப் பையனின் நம்பரையும் சொல்லிக் கத்துவதில்லை. நீங்களும் கத்தாதீர்கள், தயவுசெய்து.

இவ்வளவு பொறுமையாகப் பார்த்த பிறகும் தப்பு தப்புதான் என்று தெரியும் இடங்கள் இருக்கின்றன. எதிர் டீம் முழு கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க நெருக்கித் தடுப்பது) போடும்போது பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த இருவரையும் ஒன்றாக வெளியே எடுப்பது. கோபத்தில் ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. ஒரு பாஸ் தப்பினால் அடுத்த விசிலிலேயே இழுப்பது, இது எல்லாவற்றையும்விட மோசம், ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் பையன் கூடையைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். 25 பாயிண்ட் முன்னால் இருக்கும்போதும் முதலாம் வருடப் பையன்களை இறக்காமல் விடுவது. இவை மூன்று நான்கு மேட்சில் திரும்பத் திரும்ப வந்தால் போய்ப் பேசுங்கள்.

பேசுவதற்கும் முறை இருக்கிறது. மேட்ச் அன்று வேண்டாம், தோற்ற மறுநாளும் வேண்டாம். பிராக்டீஸ் முடிந்து பந்துகளை வலையில் போட்டுக் கட்டும் நேரம் நல்ல நேரம். கும்பலாகப் போகாதீர்கள், ஒருவர் போதும், அவரிடம் படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. "சார், நீங்க தப்பா மாத்தறீங்க" என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்துவிடும். "சார், ரெண்டாவது குவார்ட்டர்ல 9 உக்காந்த நேரத்துல நாலு மேட்சா லீட் போயிடுது, அந்த நேரத்துக்கு வேற யாரையாவது பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். ஒரு கேள்வி போதும், நோட்டு முழுவதையும் ஒப்பிக்க வேண்டாம்.

நான் அப்படித்தான் போய்க் கேட்டேன். சார் நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார். 11-ஐ அடிக்கடி எடுப்பதற்குக் காரணம் சொன்னார், அவனுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் மூச்சு நிற்கவில்லையாம், அதனால் சின்னச் சின்னதாக ஓய்வு கொடுக்கிறாராம். திரும்பிப் பார்த்தேன், என் நோட்டிலேயே அவன் ப்ளஸ் எல்லாம் முதல் நான்கு நிமிடத்தில்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. 7 பற்றிச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். இரண்டு ஃபவுலுக்கு உட்கார வைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் "அது என் ரூல்ப்பா" என்று சொல்லிவிட்டார். அதில் எனக்கு இன்னும் அவரோடு ஒப்புதல் இல்லை. அடுத்த மேட்சுக்கும் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.