டெஸ்ட் துடுப்பாட்ட வீரர்களை வரிசைப்படுத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த தம்பி ஒருவர் வந்து போனை நீட்டினார். “அண்ணா, எல்லாக் காலத்துக்குமான முதல் பத்து டெஸ்ட் துடுப்பாட்ட வீரர்கள். நானே போட்டது, பாருங்கோ.” முதலாவது பிரட்மன். சரி. இரண்டாவது அடம் வோஜஸ். டீ புரைக்கேறிவிட்டது.

தம்பியைக் குறை சொல்லவும் முடியாது. குறைந்தது 20 டெஸ்ட் ஆடியவர்களை எடுத்துச் சராசரிப்படி, அதாவது ஒரு தடவை ஆட்டமிழக்க எத்தனை ஓட்டம் என்ற கணக்குப்படி, அடுக்கியிருக்கிறார். அப்படி அடுக்கினால் பிரட்மனின் 99.94க்கு அடுத்து வோஜஸின் 61.87தான் வந்து நிற்கும். நானும் ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்தவன். ஒருநாள் போட்டிக் கணக்கை டெஸ்ட்டோடு கலப்பது போன்ற சின்னப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பக்கத்தில் இருப்பவரே திருத்திவிடுவார்.

சராசரியை அப்படியே நம்புவது

அவுஸ்திரேலியாவின் வோஜஸ் நல்ல ஆட்டக்காரர்தான். 35 வயதில் அறிமுக டெஸ்ட்டிலேயே சதம் அடித்தவர். ஆனால் அவருடைய 20 டெஸ்ட்டில் வந்த 1485 ஓட்டங்களில் 542 மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரானவை. அவர்களிடம் ஒரே ஒரு தடவைதான் ஆட்டமிழந்தார். அந்தக் கணக்கைக் கழித்துவிட்டுப் பாருங்கள், சராசரி 41தான் மிச்சம்.

இனி என் கதை. 2007இல் அலுவலகத்தில் பந்தயம் வந்தது. யாருடைய பட்டியலை எவராலும் உடைக்க முடியவில்லையோ அவர் வென்றவர். உடைபட்டவர் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வாங்க வேண்டும். நான் சராசரியைப் பார்த்து அடுக்கி, அழகாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். முதல் பத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் பிரையன் லாரா இல்லை. 52.88க்கு அங்கே எங்கே இடம்?

கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “2001இல் லீவு போட்டுவிட்டு எஸ்.எஸ்.சி.யில் போய் இருந்தனீர் தானே?”

இருந்தேன். கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கைக்கு எதிராக லாரா முதல் இனிங்ஸில் 221, இரண்டாவதில் 130 அடித்ததை வெயிலில் காய்ந்துகொண்டு பார்த்தேன். முரளியின் பந்தைக் கையிலிருந்தே படித்துவிட்டு, காலை முன்னே வைத்து இடைவெளிகளில் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் வந்தவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நம்முடைய வாஸ் அந்த ஆட்டத்தில் 14 விக்கெட் எடுத்தார். 351 ஓட்டம் அடித்தவரின் அணி பத்து விக்கெட்டால் தோற்றது. காலி, கண்டி, கொழும்பு மூன்றிலும் சேர்த்து அவர் அடித்தது 688. அவருடைய அணி எடுத்த ஓட்டங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். தொடர் 3-0 என்று நமக்கு.

இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு, ஆறு வருடம் கழித்து ஒரு எண்ணைப் பார்த்து அந்த மனிதரைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறேன். 14 பேருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த காசு மறந்துவிட்டது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது, என் மேலேயே.

சராசரி ஒரு மூட்டை. அவிழ்த்துக் கொட்டிப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது. சங்கக்காரவின் 57.40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விக்கெட் காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட்டில் 40.48. கையுறையைக் கழற்றிவைத்த 86 டெஸ்ட்டில் 66.78. நாள் முழுக்கக் குந்தி எழும்பிவிட்டு மூன்றாவதாக இறங்கிய மனிதரும், ஸ்லிப்பில் நின்றுவிட்டு வந்த மனிதரும் ஒரே எண்ணுக்குள் கிடக்கிறார்கள். மஹேல ஜயவர்தனவின் 49.84ஐ அவிழ்த்தால் வேறு கதை வரும். எஸ்.எஸ்.சி.யில் மட்டும் 11 சதம், தென்னாபிரிக்காவுக்கு எதிரான 374 உட்பட. வெளிநாட்டில் அந்த மஹேலவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது.

மொத்த ஓட்டங்களை வைத்து அடுக்குவது

டெண்டுல்கர் 200 டெஸ்ட், பிரட்மன் 52. வேறு என்ன சொல்ல?

பழைய ஆட்களைத் தள்ளிவிடுவது

“அந்தக் காலத்தில் பந்துவீச்சு லேசு” என்று இளம் பிள்ளைகள் சொல்லும்போது, மழை விழுந்தால் மூடாத ஆடுகளத்தைப் பற்றிக் கேளுங்கள். தலைக்கவசம் பரவலானதே 1970களின் கடைசியில்தான். அவ்வளவு ஏன், 1948இல் இங்கிலாந்து போகிற வழியில் பிரட்மனின் அணி கொழும்பு ஓவலில் ஆடியபோது ஆடுகளமே இரண்டு கெஜம் குறைவாக இருந்தது. இன்றைய பி. சரா ஓவல்தான் அது. பொறளைப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.

மேற்கிந்தியத் தீவுகளின் ஜோர்ஜ் ஹெட்லி 1930 தொடக்கம் 1954 வரை ஆடியது வெறும் 22 டெஸ்ட். நடுவில் யுத்தம் தின்ற வருடங்கள் வேறு. ஆனாலும் 10 சதம், சராசரி 60.83. கிரேம் பொலொக் 23 டெஸ்ட்டில் 60.97 வைத்திருந்தபோது, நிறவெறி அரசின் காரணமாகத் தென்னாபிரிக்கா ஒதுக்கப்பட்டது. அவர் கணக்கு 1970இல் முடிந்துவிட்டது. வோஜஸின் 20ஐயும் இவர்களின் 22, 23ஐயும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இவர்கள் தெரிந்தெடுத்த எதிரணிகளோடு ஆடவில்லை. காலம் கொடுத்தது அவ்வளவுதான்.

நம்மவர் என்பதற்காக ஏற்றுவது

செய்யாதீர்கள்.

தம்பி நேற்று திருத்திய பட்டியலைக் காட்டினார். வோஜஸ் இல்லை. லாரா நான்காவது, ஹெட்லி ஏழாவது. ஒன்பதாவது இடத்தில் அரவிந்த டி சில்வா, சராசரி 42.97. கேட்டதற்கு, “1997இல் எஸ்.எஸ்.சி.யில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்ட்டில் இரண்டு சதம், இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை அண்ணா” என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. என் பட்டியலில் அரவிந்த எட்டாவது.