கேம்ப்கிரவுண்ட் பெடஸ்டலில் மின்சாரப் பிக்கப்பை சார்ஜ் செய்வது எப்படி

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேம்ப்கிரவுண்டில் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி அல்லது டிரெய்லர்) நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்பெட்டி நிற்கும். அதுதான் பெடஸ்டல். மூடியைத் தூக்கினால் பெரும்பாலும் மூன்று சாக்கெட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர். எஃப்-150 லைட்னிங், ரிவியன் ஆர்1டி, சைபர்டிரக் எதுவானாலும் இரவோடு இரவாக ஓரளவு நிரப்பிக்கொள்ள இது போதும். எந்த சாக்கெட், எத்தனை ஆம்ப் என்பதைச் சரியாக முடிவு செய்ய வேண்டும்.

நான்கு துளை உள்ள பெரியது நீமா (அமெரிக்க சாக்கெட் தரம்) 14-50. இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். இரண்டு பேஸுக்கும் இடையே 240 வோல்ட். பிரேக்கர் 50 ஆம்ப் என்றாலும், மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு 80 விழுக்காடுதான் கணக்கு, அதாவது 40 ஆம்ப். வண்டியோடு வரும் கையடக்க சார்ஜர்கள் 30 முதல் 32 ஆம்ப்போடு நின்றுவிடும். 32 ஆம்ப் என்றால் 7.7 கிலோவாட். இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை 77 யூனிட் இழுத்தால், இழப்பு போக பேட்டரியில் ஏறுவது 70 யூனிட்டுக்குப் பக்கம். வெறும் வண்டிக்கு அது 140 மைல். பின்னால் டிரெய்லர் இருந்தால் 70 மைல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில தளங்களில் மும்முனை இணைப்பிலிருந்து எடுத்திருப்பார்கள். அங்கே 240க்குப் பதில் 208 வோல்ட்தான் வரும். பழுது ஒன்றும் இல்லை, வேகம் மட்டும் குறையும்.

மூன்று துளை உள்ளது டிடி-30. இது 30 ஆம்ப், ஆனால் 120 வோல்ட் மட்டுமே. வீட்டு டிரையர் சாக்கெட்டைப் போலத் தெரிவதால் 240 என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. தொடர் சுமைக்கு 24 ஆம்ப், 2.9 கிலோவாட். பத்து மணி நேரத்தில் 29 யூனிட் இழுத்தாலும், சார்ஜ் ஆகும்போது வண்டியின் பம்புகளும் கணினிகளும் தம் பங்குக்குச் சில நூறு வாட் சாப்பிடும். பேட்டரிக்குப் போவது 24, 25 யூனிட். சாதாரண 20 ஆம்ப் சாக்கெட்டில் 12 ஆம்ப் எடுத்தால் விடியும்போது இருபது மைல் சொச்சம் சேர்ந்திருக்கும். கடுங்குளிரில் அது பேட்டரியைச் சூடாக்கவே சரியாகிவிடும்.

ஆகவே முன்பதிவு செய்யும்போதே 50 ஆம்ப் இடம் கேளுங்கள். மின்வண்டியை சார்ஜ் செய்யலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில தளங்களில் அனுமதி இல்லை, சில தளங்களில் தனிக் கட்டணம். யூனிட் 15 சென்ட் என்றால் 80 யூனிட்டுக்கு 12 டாலர் ஆகிறது. ஓர் இரவு வாடகையில் இது சின்னத் தொகை இல்லை. சொல்லாமல் இழுப்பது முறையும் இல்லை.

டிடி-30 மட்டும் கிடைத்தால் அடாப்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆர்.வி. கடையில் 30 ஆம்ப் பிளக்கை 50 ஆம்ப் சாக்கெட்டாக மாற்றும் குட்டை வயர் ஒன்று கிடைக்கும். அதற்குள் ஒரே பேஸைப் பிரித்து இரண்டு பேஸ் துளைகளுக்கும் கொடுத்திருப்பார்கள். டிரெய்லருக்கு அது சரி. கார் சார்ஜர் பார்ப்பதோ இரண்டு பேஸுக்கும் இடையே உள்ள வோல்டேஜை. இரண்டும் ஒன்றே என்பதால் அங்கே பூஜ்யம்தான் இருக்கும். சார்ஜர் உயிரே பெறாது. மின்வண்டிக்கென்று செய்த டிடி-30 அடாப்டரில் பேஸ் ஒரு துளைக்கும் நியூட்ரல் இன்னொரு பேஸ் துளைக்கும் போகும், அதனால் 120 வோல்ட் கிடைக்கும். இதைத் தவறியும் டிரெய்லரில் மாட்டக் கூடாது. நியூட்ரல் இல்லாமல் உள்ளே இருக்கும் ஏசியும் ஃபிரிட்ஜும் தாறுமாறான வோல்டேஜில் சிக்கும். வாங்கிய அன்றே அதன்மேல் டேப் சுற்றி 'வண்டிக்கு மட்டும்' என்று எழுதிவிடுங்கள்.

அடாப்டர் சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சார்ஜருக்குத் தான் 14-50இல் இருப்பதாகத்தான் தெரியும். 32 ஆம்ப் எடுக்கலாம் என்று வண்டிக்குச் சொல்லும், 30 ஆம்ப் பிரேக்கர் எப்போது வேண்டுமானாலும் விழலாம். டெஸ்லாவிலும் ரிவியனிலும் திரையிலேயே 24க்குக் குறைக்கலாம். அந்த வசதி இல்லாத வண்டிக்கு ஆம்ப்பை நாமே மாற்றி அமைக்கக்கூடிய கையடக்க சார்ஜர் தனியாக வாங்குவதுதான் வழி. டெஸ்லாவின் கையடக்க சார்ஜரான மொபைல் கனெக்டரில் பொருத்த மற்ற நிறுவனங்கள் விற்கும் டிடி-30 முனை இருந்தால் அதுவே 24 என்று சொல்லிவிடும். 30 ஆம்ப் சாக்கெட்டையும் 20 ஆம்ப் சாக்கெட்டையும் இணைத்து 240 ஆக்கும் பெட்டிகளை நம்பாதீர்கள். இரண்டும் ஒரே பேஸில் இருந்தால் பயன் இல்லை. வேறு வேறு பேஸ் என்றாலும் போன மின்சாரம் நியூட்ரல் வழியே திரும்பாததால் 20 ஆம்ப் பக்கத்து ஜிஎஃப்சிஐ (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு) உடனே டிரிப் ஆகும்.

இனி மாட்டும் வரிசை. முதலில் மூடியைத் திறந்து சாக்கெட்டைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் உருகிய தடம் இருந்தால், பிளக் தளர்வாக உட்கார்ந்தால், வேறு இடம் கேளுங்கள். மல்டிமீட்டரில் பேஸுக்கும் பேஸுக்கும் 240 (மும்முனைத் தளத்தில் 208), ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120, எர்த்துக்கும் 120 வர வேண்டும். நியூட்ரலை ஏன் பார்ப்பது என்றால், கார் சார்ஜர் அதைத் தொடுவதே இல்லை. அது அறுந்திருந்தாலும் வண்டி நன்றாக சார்ஜ் ஆகும், அதை நம்பி டிரெய்லரை மாட்டினால் சாமான்கள் போகும். பிறகு பிரேக்கரை அணைத்து, பிளக்கை முழுதாக அழுத்திச் செருகி, பிரேக்கரைப் போடுங்கள். சார்ஜரில் பச்சை விளக்கு வந்தபின் வண்டியில் ஆம்ப்பைக் குறைத்து, கடைசியில் துப்பாக்கியை, அதாவது சார்ஜர் வயரின் முனையில் உள்ள கைப்பிடியை, வண்டியில் மாட்டுங்கள். சார்ஜர் பெட்டியின் எடை பிளக்கில் தொங்காதபடி கொக்கியிலோ கட்டையிலோ தாங்கவிடுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கினால் மழைநீர் சாக்கெட்டுக்குள் போகாது.

எவ்வளவுக்குக் குறைப்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 40 ஆம்ப் உங்கள் உரிமை என்று மின்விதி சொன்னாலும், தளத்தின் வயரிங் அப்படிப் போடப்பட்டதில்லை. அமெரிக்கத் தேசிய மின்விதியின் 551ஆம் பிரிவு, 36 அல்லது அதற்கு மேல் இடங்கள் உள்ள தளத்துக்கு மொத்தச் சுமையில் 41 விழுக்காட்டைக் கணக்கிட்டாலே போதும் என்கிறது. ஏசி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும் என்ற எண்ணத்தில் எழுதியது அது. பத்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும் வண்டி அந்தக் கணக்கில் சேராது. போதாததற்கு, பல வருடங்களாகப் பலர் செருகி உருவிய சாக்கெட்டில் பிடிமானம் தளர்ந்திருக்கும், தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கும். சூடு ஆம்ப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 32இலிருந்து 24க்கு இறக்கினால் அது 56 விழுக்காடாகிவிடும். இழப்பது கால் பங்கு வேகம்தான். காலைவரை நேரம் இருக்கும்போது 24 ஆம்ப்பில் தொடங்குவதே எங்கள் வழக்கம்.

அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். வோல்டேஜையும் பாருங்கள்: 240 வோல்ட் தளத்தில் சுமை ஏறியதும் அது 225க்குக் கீழே போனால் ஆம்ப்பை இறக்குங்கள், 216க்கும் கீழே என்றால் நிறுத்திவிட்டு இரவு பத்துக்கு மேல் தொடங்குங்கள். கோடை மாலையில் தளம் முழுக்க ஏசி ஓடும், அப்போதுதான் வோல்டேஜ் மிகவும் தொய்யும்.

டிரெய்லரும் கூட வந்திருந்தால் 50ஐ வண்டிக்கும் 30ஐ டிரெய்லருக்கும் கொடுங்கள். ஒற்றை ஏசி உள்ள டிரெய்லருக்கு 30 தாராளம். இரண்டையும் சேர்த்து இழுப்பதைத் தளப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், ஏனெனில் பல பெடஸ்டல்கள் ஒரே ஊட்டு வயரில் வரிசையாக நிற்கும். நீட்டிப்பு வயரைச் சார்ஜர் நிறுவனங்கள் வேண்டாம் என்றே சொல்கின்றன. தவிர்க்கவே முடியாவிட்டால் 6 கேஜ் செம்பில் செய்த 50 ஆம்ப் ஆர்.வி. வயர் மட்டும், சுருட்டி வைக்காமல் முழுதும் விரித்து.

பிரேக்கர் விழுந்தால் ஆறவிட்டு, ஆம்ப்பைக் குறைத்து, ஒரே ஒரு முறை போடுங்கள். வெயிலில் நின்ற பெட்டி சீக்கிரமே விழுவது சகஜம். மறுபடியும் விழுந்தால் அந்த சாக்கெட்டை விட்டுவிடுங்கள். சார்ஜர் எர்த் இல்லை என்று சிவப்பு காட்டினால் அதை ஏமாற்றும் எந்த அடாப்டரையும் தேடாதீர்கள். பழுது பெடஸ்டலில்தான், அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கழற்றும்போது தலைகீழ் வரிசை: வண்டியில் சார்ஜை நிறுத்தி, துப்பாக்கியை எடுத்து, பிரேக்கரை அணைத்து, பிறகே பிளக்கை உருவ வேண்டும். மின்சாரம் ஓடும்போதே உருவினால் முனைகளில் பொறி பறந்து கருகும், அடுத்து வருபவருக்கு அந்த சாக்கெட் தளர்ந்ததாகக் கிடைக்கும்.