கழித்த நெல் கூடியது ஏன்? அடுக்குக் கணிப்பானில் வழுத் தேடல்

கிளிநொச்சியில், எங்கள் ஊர் வாசிகசாலையில் உயர்தர மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பைத்தன் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் எல்லோரும் எழுதியது, கணிதக் கோவை ஒன்றை வாசித்து இரண்டு அடுக்குகளின் (stack) துணையுடன் விடை சொல்லும் செய்நிரல். ஓர் அடுக்கில் எண்கள், மற்றதில் குறிகள். 2 + 3 * 4 கொடுத்தார்கள், 14 வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

நான் காலபோகக் கணக்கு ஒன்று கொடுத்தேன். 100 மூட்டை நெல்லில் குத்தகைக்கு 30, விதைநெல்லுக்கு 20 போனால் மிச்சம் எவ்வளவு? 100 - 30 - 20. செய்நிரல் சொன்ன விடை -110.

முதற்படி: கோவையைச் சிறிதாக்குங்கள். 10 - 3 மட்டும் கொடுத்தோம்; -7 வந்தது. களஞ்சியத்தில் கடைசியாக ஏற்றிய மூட்டையைத்தான் முதலில் இறக்க முடியும். அடுக்கும் அப்படியே: முதலில் கைக்கு வருவது 3, அதாவது குறிக்கு வலப்பக்க எண். அதை இடப்பக்க எண்ணாக எடுத்ததுதான் பிழை. கூட்டலிலும் பெருக்கலிலும் இடம் மாறினாலும் விடை மாறாது என்பதால் இந்த வழு அதுவரை ஒளிந்திருந்தது. ஆகவே கழித்தலும் வகுத்தலும் இல்லாத சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை.

இரண்டாம் படி: திருத்திவிட்டு நெல் கணக்குக்குத் திரும்புங்கள். இப்போது 90 வந்தது. விதைநெல்லைக் கழிக்கச் சொன்னால் கூட்டியிருக்கிறது! இங்கே விசைப்பலகையைத் தொடாதீர்கள். கொப்பியை எடுத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் பிறகு அடுக்குகளின் நிலையை எழுதுங்கள்:

100 → எண்கள்: 100 | குறிகள்: காலி
- → எண்கள்: 100 | குறிகள்: -
30 → எண்கள்: 100, 30 | குறிகள்: -
- → எண்கள்: 100, 30 | குறிகள்: -, -
20 → எண்கள்: 100, 30, 20 | குறிகள்: -, -

நான்காம் வரியைப் பாருங்கள். இரண்டாவது கழித்தல் குறி வந்தபோது முதலாவது இன்னும் காத்திருக்கிறது. அதனால் 30 - 20 முதலில் நடந்து 10 ஆகி, 100 - 10 = 90 ஆனது. மாணவர்களின் நிபந்தனை, அடுக்கில் இருக்கும் குறியின் முன்னுரிமை (கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பது போன்ற ஒழுங்கு) புதிய குறியைவிடக் கூடினால் மட்டும் கணி என்பது. சமமாக இருந்தாலும் கணிக்க வேண்டும்; > என்பதை >= ஆக்கினோம். 50 வந்தது.

கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961 இல் விவரித்த முறைதான் இது. புகையிரதப் பெட்டிகளைப் பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கி வரிசை மாற்றுவதுபோல், குறிகள் தம் முறை வரும்வரை ஒதுங்கி நிற்கின்றன.

அடைப்புக்குறிக்கு 2 * (3 + 4) கொடுத்துப் பாருங்கள், 14 வர வேண்டும். திறக்கும் அடைப்புக்குறி ஒரு தடுப்பு. மூடும் குறி வரும்வரை அதைத் தாண்டிக் கீழே எதையும் எடுக்கக் கூடாது.

அடுக்கேற்றக் குறியை (2 ^ 3 என்றால் 2 * 2 * 2) பின்னர் சேர்ப்பவர்கள் 2 ^ 3 ^ 2 கொடுத்துப் பார்க்க வேண்டும். அது வலமிருந்து கணிக்கப்படுவதால் விடை 512. உங்கள் செய்நிரல் 64 சொன்னால், நாம் போட்ட அதே >= இங்கும் வேலை செய்கிறது; அந்த ஒரு குறிக்கு மட்டும் பழைய > தான் சரி.