கலஹாரிக்கு வண்டி எடுத்துப் போகிறீர்களா? தண்ணீர்க் கணக்கை முதலில் போடுங்கள்

சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே பிடித்துக் குடிப்பவர்கள் நாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 140 லிட்டர் செலவழிக்கிறோம். போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி வனக்காப்பகத்தில் முகாமிடங்களில் குடிநீரே கிடையாது. பல் துலக்குவதுகூட வண்டியில் ஏற்றிப்போன தண்ணீரில்தான்.

படி 1: கணக்கு

ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலுக்கும் கழுவவும் 3. இருவர், ஐந்து நாள் என்றால் 70 லிட்டர். வண்டி மணலில் புதைந்தால் காத்திருக்க இரண்டு நாள் குடிநீர் 16. ஆக 86; 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் வெயில் என்றால் குடிநீரைக் கூட்டுங்கள். அங்கே காற்று வறண்டது; நம்மூர் போல் சட்டை நனையாது, வேர்ப்பதே தெரியாது.

7 லிட்டர் போதுமா? கிளம்புமுன் ஒரு சனிக்கிழமை 7 லிட்டரைப் பிடித்து வைத்து, குழாயைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். (கழிவறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சில ஃப்ளஷிலேயே எல்லாவற்றையும் குடித்துவிடும்.) பெரும்பாலும் பாத்திரம் கழுவுவதில்தான் இடிக்கும். அரிசி களைந்த தண்ணீரை எடுத்துவைத்து எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டை முதலில் அதில் தேயுங்கள். பிறகு ஸ்ப்ரே பாட்டிலால் அலசினால் அரை லிட்டரில் வேலை முடியும்.

படி 2: கேன்கள்

வனக்காப்பகத்துக்குப் போகும் வழியில் உள்ள மவுன் நகரில் 20 லிட்டர் கேன் நான்கும் 5 லிட்டர் பாட்டில் இரண்டும் வாங்குங்கள். வண்டியிலேயே தொட்டி இருந்தாலும் மொத்தத்தையும் அதில் ஊற்றாதீர்கள். அலையலையான மண்சாலையின் குலுக்கலில் குழாய்த் திருகு தளர்ந்து, வழியெல்லாம் சொட்டியே காலியாகிவிடும். நான்கு கேன் இருந்தால் ஒன்று ஒழுகினாலும் மூன்று மிஞ்சும். டீசல் பிடித்த கேன் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கு ஆகாது.

புதுக் கேனில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வாசனையில்லாத ப்ளீச் கலந்து, மூடியின் உட்புறம் வரை படும்படி குலுக்கி, நன்றாக அலசுங்கள்.

படி 3: ஏற்றுவது

90 லிட்டர் என்றால் 90 கிலோ. கூரையில் வைத்தால் வளைவில் வண்டி ஆடும். பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். மெல்லிய பாட்டில்கள் இரும்பில் உரசி உரசியே ஓட்டையாகும். அடியில் ரப்பர் பாய், இடையில் பழைய துண்டு வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

படி 4: தினசரிப் பழக்கம்

ஒரு நேரத்தில் ஒரு கேன்தான் திறக்க வேண்டும். கேனில் மார்க்கரால் நாள்கோடு போட்டு, மாலையில் மட்டம் பாருங்கள். இரவில் வெளியே விடாதீர்கள். கழுதைப்புலிகள் கடித்துக் குதறும். ஜூன், ஜூலை இரவுகளில் தொட்டிக் குழாய் உறைந்துவிடும் என்பதால், காலைக் காப்பிக்குத் தேவையானதைக் கெட்டிலில் முன்னிரவே பிடித்துவையுங்கள்.

படி 5: வழியில் நிரப்புவது

ஆழ்துளைக் கிணற்று நீர் கிடைத்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். இல்லையென்றால் 6 சதவீத ப்ளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிடம் பொறுங்கள். லேசாகக் குளோரின் வாடை வந்தால் சரி. ஆனால் நாக்கில் உப்புக் கரித்தால் கொதிக்கவைத்தாலும் ப்ளீச் விட்டாலும் போகாது. அந்தத் தண்ணீருக்குத் தனிக் கேன், பாத்திரம் கழுவ மட்டும்.