படம் பாத்திட்டுக் கருத்துச் சொல்லேக்க விடுற பிழையள்

யாழ்ப்பாணத்தில ஒரு பெரிய படம் வெள்ளிக்கிழமை வருகுது எண்டால் படத்துக்கு முதலே தீர்ப்பு வந்திடும். கனடாவில வியாழக்கிழமை பின்னேரம் பிரீமியர் ஷோ போட்டால் அது முடியேக்க இஞ்ச வெள்ளி விடியக்காலமை, ஸ்காபரோவில இருக்கிற மச்சான் தியேட்டர் வாசலிலயே நிண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டிடுவான், "முதல் பாதி ஓகேடா, ரெண்டாம் பாதி லாக்", அதாவது இழுக்குதாம். தமிழ்நாட்டிலயே 2023க்குப் பிறகு பெரிய படங்களுக்கும் காலமை 9 மணிக்கு முதல் ஷோ போட விடுறேல்லை, ஆனா எங்கட வாட்ஸப் குறூப்பில 7 மணிக்கே ரெண்டாம் பாதி செத்துப்போச்சு. பிறகு இஞ்ச பெடியள் ரிக்கெற் எடுத்து உள்ள போய் இருந்து, ரெண்டாம் பாதி தொடங்கின உடன கொட்டாவி விட்டு, வெளிய வந்து சொல்லுறதும் அதே வசனம்தான், முதல் பாதி ஓகே, ரெண்டாம் பாதி லாக்.

முதல் பிழை இதுதான், மற்ற எல்லாப் பிழையும் இதுக்குப் பின்னாலதான் வருகுது. படம் பாத்தது நீங்கள், கருத்து வேற ஆற்றயோ. செக் பண்ணுறது சுகம். "எந்த இடத்தில லாக் அடிச்சது?" எண்டு ஆரும் கேட்டால் ஒரு சீனையாவது சொல்ல ஏலுதா எண்டு பாருங்கோ. ஏலாட்டி அது மச்சான்ர லாக், உங்கட லாக் இல்லை. படம் முடிஞ்சு வெளிய வந்து போனைத் திறக்க முதல், பக்கத்தில இருந்து பாத்தவனோட ரெண்டு வசனம் கதைச்சிட்டுத் திறவுங்கோ, அது போதும்.

இதோட ஒட்டினது இன்ரவலிலயே தீர்ப்புச் சொல்லுறது. கன்ரீனில ரோல்ஸ் வாங்கிற கியூவில நிண்டுகொண்டு "டிசாஸ்டர்" எண்டு போடுற ஆக்கள் இருக்கினம். 2024 டிசம்பரில தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள் படம் வந்து 3 நாளைக்கு ஒருத்தரும் விமர்சனம் போடக்கூடாது எண்டு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனவை, கோர்ட் இடைக்காலத் தடை குடுக்கேல்லை. சரியான முடிவுதான் எண்டு நினைக்கிறன், காசு குடுத்துப் பாத்தவன் சொல்லத்தான் செய்வான். ஆனா முழுசாப் பாத்திட்டுச் சொல்லுங்கோவன்.

அடுத்தது ஆற்ற வேலை எது எண்டு தெரியாமல் அடிக்கிறது. "எடிட்டிங் சரியில்லை" எண்டு சொல்லாத ஆளே இல்லை. எடிட்டருக்கு வாறது எடுத்து முடிச்ச சாமான். தேவையில்லாத ஒரு அரை மணித்தியால பிளாஷ்பேக் எழுதி, அதுக்கு ஆள்பிடிச்சு செட்டும் போட்டு எடுத்தும் முடிச்சிட்டால் அதை முழுசா வெட்டி எறியிற அதிகாரம் கனக்க இடங்களில எடிட்டர்ட்ட இல்லை, டைரக்டரும் தயாரிப்பாளரும் ஓமெண்ட வேணும். ஒடியல் கூழுக்கு உப்புக் கூடினதுக்கு மீன் வித்தவனோட சண்டைக்குப் போற மாதிரித்தான் உந்தக் கதை. ஒரு சீன் ஏன் இருக்கு எண்டே விளங்கேல்லை எண்டால் அது திரைக்கதைப் பிழை. சீன் தேவை, ஆனா ஒரு முகத்தைக் கனநேரம் வைச்சிருக்கினம், இல்லாட்டி சண்டையில ஆர் ஆருக்கு அடிக்கிறான் எண்டு தெரியாத மாதிரி படபடவெண்டு வெட்டியிருக்கினம் எண்டால் அப்ப எடிட்டிங்கைக் கதைக்கலாம், அதிலயும் பாதி சண்டையை எடுத்த விதத்திலதான் கிடக்கும்.

"கேமரா வேற லெவல்" எண்டதும் அப்பிடித்தான். மலையும் பனியும் ட்ரோன் ஷொட்டும் காட்டினால் ஆருக்கும் வடிவாத்தான் தெரியும், அதில பாதிப் புகழ் இடத்துக்குத்தான் போகவேணும். ஒளிப்பதிவைப் பற்றிச் சொல்லப் போறியள் எண்டால் வீட்டுக்குள்ள இரவில நடக்கிற ஒரு சாதாரண சீனைப் பாருங்கோ. மேசையில ஒரு லாம்புதான் எரியுது, முகத்தில வெளிச்சம் அந்தப் பக்கத்தால வருகுதா, ஆள் எழும்பி நடக்கேக்க அது மாறுதா, இருட்டுக்குள்ளயும் கண் தெரியுதா. அங்கதான் ஆள் வேலை செய்திருக்கிறாரோ எண்டு பிடிபடும். நடிப்பைச் சொல்லேக்கயும் ஒரு அவதானம் வேணும், தமிழ் தெரியாத கதாநாயகியளுக்குக் கனக்கப் படங்களில வேற ஆக்கள்தான் குரல் குடுக்கிறது. "என்ன மாதிரி டயலொக் பேசுறா" எண்டு உருக முதல் கடைசியில ஓடுற பேர்களைக் கொஞ்சம் நிண்டு பாருங்கோ, எங்கட சனம் லைற் போட முதலே மோட்டச்சைக்கிள் திறப்பைக் கையில எடுத்திடும்.

தியேட்டரின்ர பிழையைப் படத்தில போடுறது இன்னொரு பெரிய பிழை, இதைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்லை. 2024 நவம்பரில கங்குவா வந்த நேரம் நினைவிருக்கும், எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு வந்தவை, தயாரிப்பாளரே வெளிய வந்து தியேட்டர்காரரைச் சத்தத்தை 2 பொயின்ற் குறைக்கச் சொன்னவர். அது படத்தின்ர பக்கத்தில இருந்த பிரச்சினை. ஆனா எல்லா நேரமும் அப்பிடி இல்லை. சவுண்ட் மிக்ஸ் பண்ணுற இடத்தில டொல்பி சவுண்ட் மெசின்ர வொலியூம் அளவில 7 எண்டு ஒரு நிலை வைச்சுத்தான் பண்ணுவினம், தியேட்டரில ஒப்பரேற்றர் அதைக் குறைச்சுப் போட்டு ஓட்டினால் மெதுவாப் பேசுற வசனம் அள்ளுப்பட்டுப் போயிடும், நீங்கள் வெளிய வந்து "வசனமே விளங்கேல்லை, சவுண்ட் டிசைன் குப்பை" எண்டுவியள். புரொஜெக்டர் லாம்பு பழசானால் படம் மங்கும், 3டி கண்ணாடி போட்டால் இன்னும் மங்கும், அதுக்கு ஒளிப்பதிவாளர் என்ன செய்யிறது. அதால ராஜா தியேட்டரில பாத்ததோ காகில்ஸ் ஸ்கொயரில பாத்ததோ எண்டு ஒரு சொல் சேத்துச் சொல்லுங்கோ. ஒரே படத்தை ரெண்டு பேர் ரெண்டு இடத்தில பாத்திட்டு வந்து "உனக்குக் காது செவிடாடா" எண்டு அடிபடுறதில பாதி குறைஞ்சிடும்.

எந்தப் பிரதியைப் பாத்தனீங்கள் எண்டதும் முக்கியம். இந்தியன் 2 வந்து சில நாளிலயே 12 நிமிசம் வெட்டினவை, கங்குவாவிலயும் வந்தாப்பிறகு 12 நிமிசம் போனது. முதல் நாள் பாத்தவனும் அடுத்த கிழமை பாத்தவனும் பாத்தது ஒரே படம் இல்லை. இலங்கைக்கு வேற தனித் தணிக்கை இருக்கு, இந்தியச் சான்றிதழோட வந்தாலும் இஞ்ச திரும்பப் பாத்துத்தான் விடுவினம், அதால ஒரு சீன் திடீரெண்டு அறுந்த மாதிரி இருந்தால் உடன டைரக்டரைத் திட்டாதேங்கோ. டெலிகிராமில வந்த கேமரா பிரிண்டை போனில பாத்திட்டு "விஷுவலா ஒண்டுமில்லை" எண்டு எழுதுறவைக்கு நான் சொல்ல ஒண்டுமில்லை.

கலெக்சனைக் கருத்து எண்டு நினைக்கிறதும் இப்ப பெரிய வருத்தம். படம் எப்பிடி மச்சான் எண்டால் "200 கோடி" எண்டுறான். அந்தக் கணக்கு பெரும்பாலும் கிராஸ், வித்த ரிக்கெற் காசு முழுக்க, வரி, தியேட்டர்காரற்ற பங்கு, விநியோகஸ்தற்ற பங்கு எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. அதெல்லாம் போய்த்தான் தயாரிப்பாளற்ற கைக்கு வரும். 150 கோடிக்கு எடுத்து 200 கோடி கிராஸ் எண்டால் 50 கோடி லாபம் எண்டு கூட்டிக் கழிக்கிறது பிழை, தியேட்டர்க் காசை மட்டும் பாத்தால் கனக்க நேரம் அது நட்டம். அதோட தமிழ்ப் படங்களுக்கு எல்லாரும் நம்பக்கூடிய ஒரு பொதுவான உத்தியோகபூர்வக் கணக்கும் இல்லை, போஸ்டரில ஒண்டு, டிராக்கர் ஆக்கள் சொல்லுறது இன்னொண்டு. கஸ்தூரியார் வீதியில நிண்டு அதுக்காக அடிபட்டு என்ன காணப்போறியள்.

இனி எங்கட ஆக்களுக்கெண்டே இருக்கிற பிழைக்கு வாறன். படத்தில இலங்கைத் தமிழ் வந்தால் எல்லாரும் மொழிப் பேராசிரியர் ஆகிடுவினம். 2000இல தெனாலி வந்த காலத்தில இருந்து இது நடக்குது, 2025இல டூரிஸ்ட் ஃபேமிலிக்கும் நடந்தது. "உப்பிடி ஆர் இஞ்ச கதைக்கிறது?" சரி, இஞ்ச எண்டால் எங்க? வடமராட்சிக்காரற்ற இழுவை வேற, தீவாரின்ர வேற, மட்டக்களப்பு வேற, மன்னார் வேற, மலையகம் முழுக்க வேற. அம்மம்மா கதைக்கிற மாதிரி ரியூசனுக்குப் போற பேரன் கதைக்கிறேல்லை, தமிழ்நாட்டு அகதி முகாமில 20 வருசம் இருந்தவை திரும்பி வந்து கதைக்கேக்க ரெண்டும் கலந்துதான் வரும். ஆக, படத்தில அந்தக் குடும்பம் எந்த ஊர் எண்டு சொல்லுகினம், ஆளுக்கு என்ன வயசு எண்டு முதல் பாருங்கோ. அதுக்குப் பிறகும் பிழையாத்தான் கிடக்கு எண்டால் எங்க பிழை எண்டு சொல்லுங்கோ. பெரும்பாலும் சொற்கள் சரியா இருக்கும், ஆரோ எழுதிக் குடுத்திருப்பினம், ராகம்தான் பிடிபட்டிராது, கேள்வி கேக்கேக்க எங்க ஏறும் எங்க இறங்கும் எண்டது தெரிஞ்சிராது. இதைச் சென்னையில இருக்கிற யூடியூபர் சொல்ல மாட்டார், அவருக்கு அது கேக்காது. உங்களுக்குத்தான் கேக்கும். அப்பிடி ஒரு காதை வைச்சுக்கொண்டு நீங்கள் போய் அவர் சொன்ன லாக்கைத் திருப்பிச் சொல்லுறதுதான் எனக்கு ஆத்திரம்.

அதுக்காகப் பேச்சு சரியில்லை எண்ட ஒரே காரணத்துக்கு முழுப் படத்தையும் தூக்கி எறியிறதும் சரிவராது. மற்றப் பக்கமும் ஒரு பிழை இருக்கு, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விசயம். பங்கர் காட்டினால், இடம்பெயர்வு காட்டினால், பிள்ளையைத் தேடுற தாயைக் காட்டினால் நாங்கள் அழுவம். அந்த அழுகையில படம் செய்த வேலை எவ்வளவு, எங்கட நினைவு செய்த வேலை எவ்வளவு? ஒரு சுமாரான சீனும் எங்களை உடைச்சுப் போடும், ஏனெண்டால் மிச்சத்தை நாங்களே போட்டு நிரப்புறம். அழுதனான் எண்டு சொல்லுங்கோ, அது உண்மை, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனா அழுதபடியா நல்ல படம் எண்டு ஒரே மூச்சில சொல்லாதேங்கோ. அந்தச் சீனில ஆர் என்ன செய்தது, கமரா எங்க நிண்டது, மியூசிக் போட்டுப் பிழிஞ்சவையோ அமைதியா விட்டவையோ எண்டு தனியாப் பாத்தால் எங்கட துயரத்தைச் சும்மா பாவிச்ச படமும் நேர்மையா எடுத்த படமும் பிரிஞ்சு தெரியும்.

உள்ளூர்ப் படங்களில இது வேற மாதிரி. "எங்கட பெடியள் எடுத்தது" எண்டு 5க்கு 5 போடுறது, இல்லாட்டி பாக்காமலே நக்கலடிக்கிறது, நடுவில ஒண்டும் கிடையாது. ஐஞ்சுக்கு ஐஞ்சு போட்டால் அந்தப் பெடியன் அடுத்த படத்திலயும் அதே பிழையைத்தான் விடுவான், வசனம் கேக்கேல்லை, காத்துச் சத்தம் மைக்குக்குள்ள போயிருக்கு எண்டு ஒருத்தர் சொன்னால்தானே அடுத்த முறை அதுக்குக் கொஞ்சக் காசு ஒதுக்குவான். அவசரத் தீர்ப்புக்கும் எங்கட ஊரிலயே உதாரணம் இருக்கு. 1977இல சிங்கள டைரக்டர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில எடுத்த பொன்மணி வந்த நேரம் ஓடேல்லை, எம்.ஜி.ஆர், சிவாஜி எண்டு பழகின கண்ணுக்கு அது பிடிபடேல்லை. இண்டைக்கு இலங்கைத் தமிழ்ப் படம் எண்டு கதைக்கத் தொடங்கினால் அந்தப் பேர் இல்லாமல் கதைக்க ஏலாது. 2015இல தொடங்கின யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வாற படங்களையும் ஸ்லோ எண்ட ஒரு சொல்லோட முடிக்கிறவை இருக்கினம். ஸ்லோ எண்டது ஒரு வேகம், குறை இல்லை, அந்த வேகத்தில உங்களுக்கு என்ன கிடைச்சது, என்ன கிடைக்கேல்லை எண்டதைத்தான் கேக்கிறம்.

ஸ்பொயிலர் எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், இன்ரவலுக்குப் பிறகு நடக்கிறதை முதல் கிழமை எழுதாதேங்கோ, அவ்வளவுதான். ஆர் கெஸ்ட் ரோலில வாறார் எண்டதும் ஸ்பொயிலர்தான், அதைச் சிரிக்கிற எமோஜியோட சொன்னாலும் ஸ்பொயிலர்தான். ஹீரோவைப் பிடிக்காதபடியாப் படத்தை அடிக்கிறவையோட வாதாடிப் பிரயோசனம் இல்லை, விட்டிட்டுப் போங்கோ. ஆனா ஸ்டேட்டஸ் போட எண்டு டைட்டில் கார்டையும் இன்ட்ரோவையும் வீடியோ எடுக்கிறது கருத்துச் சொல்லுறதில சேராது. இந்தியாவில 2023இல திருத்தின சட்டப்படி தியேட்டருக்குள்ள படத்தைப் பதிஞ்சால் குறைஞ்சது 3 மாசம் சிறை, இஞ்சயும் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் கிடக்கு. பொலிஸ் வருதோ இல்லையோ, நீங்கள் போனைத் தூக்கிப் பிடிச்சால் பின்வரிசையில இருக்கிறவைக்கு அண்டைக்கு உங்கட போன் வெளிச்சம்தான் படம், அவை வெளிய வந்து என்ன கருத்துச் சொல்லுவினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.